வேறொருவருக்கு வரும் கடிதங்களை அனுப்பி வைப்பது: எது போக வேண்டும், எது போகத் தேவையில்லை

வாசகர் கேள்வி, 05.01.2025

வெள்ளவத்தையில் இருக்கிறோம். மாமி மகளோடு இருப்பதற்காகக் கனடா போய்விட்டார். தொடர்மாடி வீடு இன்னும் அவர் பெயரில்தான், இப்போது நாங்கள் அதில் குடியிருக்கிறோம். அவருக்கு வரும் கடிதங்களை ஒரு பையில் போட்டு வைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மொத்தமாகப் பார்சல் பண்ணி அனுப்பினால் போதும்தானே? யாராவது போகும்போது கொடுத்துவிட்டால் செலவும் இல்லை.

06.01.2025

போதாது.

பையில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை அங்கேயே கிடந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. கிடக்கக் கூடாத ஒன்றிரண்டும் அதற்குள்தான் இருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி நீள உறைதான்.

இப்போது ஜனவரி மாதம். கொழும்பு மாநகர சபைக்கு முழு ஆண்டுச் சோலை வரியையும் 31ஆம் திகதிக்குள் கட்டினால் பத்து வீதம் கழிவு உண்டு. வீடு மாமியின் பெயரில் இருப்பதால் அறிவித்தலும் அவர் பெயருக்குத்தான் வரும். மார்ச் மாதம் அதைக் கனடாவில் பிரித்து வாசித்து அவர் என்ன செய்வார்? கட்டப் போவதும் நீங்கள், வரிசையில் நிற்கப் போவதும் நீங்கள்.

நான் அக்காவின் கடிதங்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அவர் ரொறன்ரோவில், நான் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கையில். எங்களுக்குள் வைத்திருக்கும் முறை இதுதான்: சேதி முதலில், காகிதம் பிறகு. கடிதம் வந்த அன்றைக்கே உறையை முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்பிவிடுவேன். பிரிக்க மாட்டேன். அங்கே விடிந்ததும் அக்கா பார்த்து, "இதை வைத்திரு", "இதைக் கிழித்துப் போடு", "இதைப் பிரித்து என்ன என்று சொல்லு" என்று ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவார். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு விமானம் ஏறிய காகிதங்கள் மிகக் கொஞ்சம்.

07.01.2025

ஒன்று விடுபட்டுவிட்டது. உறையை எறியாதீர்கள். அதில் தபாலகம் குத்திய திகதி இருக்கும். பக்கத்தில் உங்கள் கைக்கு வந்த திகதியையும் பேனையால் சின்னதாக எழுதி வையுங்கள். உள்நாட்டு இறைவரியின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் மீளாய்வு கேட்க 30 நாள்தான். அப்படி நாள் எண்ண வேண்டிய இடத்தில் உள்ளே இருக்கும் கடிதம் போலவே வெளி உறையும் தேவைப்படும்.

09.01.2025

"பிறர் கடிதத்தைத் தொட்டாலே குற்றம், தபால்காரரிடம் திருப்பிக் கொடுப்பதுதான் முறை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தப் பயம் நல்ல பயம்தான். இங்கே தபாலுக்கு அடித்தளமாக இருப்பது இன்னும் 1908ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தபாலகக் கட்டளைச் சட்டம். ஒருவரின் கடிதம் அவருடைய உடைமை என்ற எண்ணத்தின் மேல்தான் அந்தக் காலத்திலிருந்தே தபால் ஓடுகிறது. ஆனால் மாமியே "நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போன வீட்டில் கடிதங்களைத் திருப்பி அனுப்பினால் மாமிக்குத்தான் நட்டம். வங்கி அவரை முகவரி தெரியாதவர் என்று பதிந்து வைக்கும்.

தேவையானது அனுமதி. அது வாயால் சொன்னதாக இருக்கக் கூடாது, எழுத்தில் இருக்க வேண்டும். அக்கா எனக்கு ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார்: மாநகர சபை, இறைவரி, மின்சாரம், தண்ணீர் சம்பந்தப்பட்டதை உடனே பிரிக்கலாம். வங்கிக் கடிதத்தைக் கேட்டுவிட்டுப் பிரிக்க வேண்டும். கையால் முகவரி எழுதி வருவதையும் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதையும் பிரிக்கவே கூடாது. கடைசி வரியை நான் கேட்டு எழுதுவித்தேன். உடன்பிறந்தவர் என்பதற்காக ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

வங்கி அட்டைக்கு இரகசிய இலக்கம் வரும் உறை ஒன்று உண்டு, உள்ளே கறுப்பாக அச்சடித்து வெளியிலிருந்து வாசிக்க முடியாதபடி ஒட்டியிருப்பார்கள். அதைப் பிரிக்கவும் வேண்டாம், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம். வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அட்டையும் இலக்கமும் ஒரே வீட்டில் ஒரே லாச்சிக்குள் கிடப்பதும் நல்லதல்ல. பின்னால் கணக்கில் ஏதாவது குறைந்தால் உங்கள் மேல் சந்தேகம் விழாமல் இருப்பதற்கும் இதுதான் வழி.

11.01.2025

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன் அல்லவா, அதை யோசித்துப் பார்த்ததில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உரியவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். உறையின் வெளிப்பக்கமே நிறையச் சொல்லிவிடும். எந்த வங்கி, எந்தச் சட்டத்தரணி, எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாம் தெரியும். குழுவில் இருக்கும் மச்சான்மாருக்கும் சித்திமாருக்கும் அது போய்ச் சேர வேண்டியதில்லை. அனுப்பிய பிறகு உங்கள் போனிலிருந்தும் அழித்துவிடுங்கள்.

12.01.2025

பதிவுத் தபாலுக்கு வருவோம். இதுதான் உண்மையில் சிக்கலான இடம்.

தபால்காரர் ஏறி வந்து கதவைத் தட்டுகிறார், கையெழுத்துக் கேட்கிறார். மாமிதானே, நாங்கள்தானே என்று போட்டுவிடுவீர்கள். போடும் முன் யார் அனுப்பியது என்று திருப்பிப் பாருங்கள். நீதிமன்ற அழைப்பாணை இந்த நாட்டில் பதிவுத் தபாலில் வருவதுதான் வழமை. சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதமும் அப்படித்தான் வரும். மாமி நாட்டிலேயே இல்லாதபோது அவருடைய வீட்டில் ஒருவர் கையெழுத்து வைத்து வாங்கினால், கடிதம் சேர்ந்துவிட்டது என்று மற்றப் பக்கம் பேச இடம் கொடுத்ததாகிவிடும். வாங்காமல் விடுவதும் எப்போதும் சரி என்றில்லை, காணி உறுதி சம்பந்தப்பட்ட முக்கியமான கடிதமாகவும் இருக்கலாம். "அவர் வெளிநாட்டில் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன், வைத்திருங்கள்" என்று சொன்னால் எங்கள் தபால்காரர் அறிவித்தல் துண்டை விட்டுவிட்டுப் போவார். அக்காவுடன் பேசிவிட்டு அடுத்த நாள் நேரே போவேன்.

அதற்காக ஒரு கடிதம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கிறோம். அக்கா தபாலதிபருக்கு எழுதியது. 'என் பெயரில் வரும் பதிவுத் தபாலை இன்னார் பெற்றுக்கொள்ளலாம்' என்று எழுதி, இரண்டு பேரின் அடையாள அட்டைப் பிரதியும் இணைத்தது. அதைப் பார்த்துக் கோப்பில் போட்டுக்கொண்டார்கள். உங்கள் தபாலகத்தில் என்ன கேட்பார்கள் என்று மாமி போனில் இருக்கும்போதே போய் விசாரியுங்கள்.

இது அற்றோணித் தத்துவம் (ஒருவருக்காக இன்னொருவர் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அல்ல. அது சொத்து விற்க, வழக்குப் பேச, கையெழுத்து வைக்க என்று நொத்தாரிசு முன் எழுதிப் பதிவதற்கு. கடிதம் வாங்க அவ்வளவு பெரிய அதிகாரம் தேவையில்லை. கடிதம் வாங்குவதற்கென்று அதைக் கேட்டு வாங்கவும் வேண்டாம். மறுபக்கமாக, வீட்டுக்கு ஏற்கெனவே உங்கள் பெயரில் தத்துவம் இருந்தால் அதற்குள் என்ன அடங்கும் என்று எழுதிய நொத்தாரிசிடமே கேளுங்கள்.

19.01.2025

"இதெல்லாம் இப்போதுதான் பெரிய விடயம், முந்தி ஆட்களிடம் கொடுத்துவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த 'முந்தி' எங்கள் வீட்டு மேசையில்தான் நடந்தது. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1990இல் போரால் வடக்குக்கு ரயில் நின்றது. திரும்பி யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது 2014 ஒக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. சுவிஸிலும் கனடாவிலும் இருந்த பிள்ளைகள் ஊரில் இருந்த தாய் தகப்பனுக்கு எழுதும் கடிதத்தை வெள்ளவத்தை முகவரிக்குப் போடுவார்கள். உறையில் ஊர்ப் பெயரும், கீழே 'மே/பா' என்று அப்பாவின் பெயரும் இருக்கும். சொந்தம், சொந்தத்தின் அயல், அயலின் சொந்தம் என்று யார் யாரோ எங்கள் முகவரியைக் கொடுத்திருந்தார்கள்.

அப்பா அதற்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தார். நீல மட்டை, குறுக்கே அடிமட்டத்தால் கோடு போட்டது. வந்த திகதி, யாருக்கு, எங்கிருந்து, யார் கையில் கொடுத்தது, கொண்டுபோனவர் எந்த லொட்ஜில் தங்கியிருந்தார். கடைசிப் பத்தி 'சேர்ந்தது' என்று இருக்கும், பல மாதம் வெறுமையாக இருந்து பிறகு வேறு நிற மையில் நிரம்பும். சில வரிகள் நிரம்பவே இல்லை.

கொண்டுபோகிறவர்கள் ஒட்டிய உறையைக் கொண்டுபோகப் பயப்படுவார்கள். சோதனைச் சாவடியில் இது என்ன என்று கேட்டால் அவர்களால் பதில் சொல்ல முடியாது. அதனால் பிரித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா ஏரோகிராமின் (தாளையே மடித்து ஒட்டி அனுப்பும் வான்தபால் கடிதம்) ஓரத்தைச் சவர அலகால் ஒரே இழுவையில் வெட்டுவார். விரிக்க மாட்டார். உள்ளே காசோலையோ படமோ இருக்கிறதா என்று இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார், இருந்தால் கொப்பியில் குறிப்பார், மடிந்தபடியே பழைய உறைக்குள் வைப்பார். நாங்கள் பிள்ளைகள், முத்திரைக்காகச் சுற்றி நிற்போம். ஒருநாள் நான் எட்டி ஒரு வரி வாசித்துவிட்டேன் என்று அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

பிரிப்பது வேறு, வாசிப்பது வேறு என்று நான் பிடித்துக்கொண்டது அங்கேதான். இப்போதும் மாநகர சபைக் கடிதத்தைப் பிரித்தால் தொகையையும் திகதியையும் பார்ப்பேன், அதற்கு மேல் அக்காவின் காணிக்கணக்கு எனக்கு எதற்கு?

20.01.2025

போர்க்காலத்தில் குடும்பங்களுக்கிடையே சேதி அனுப்பச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த படிவத்தை நினைவுபடுத்தியவருக்கு நன்றி. ஆம், அது திறந்த தாள். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், இடையில் எவரும் வாசிக்கலாம் என்று தெரிந்தே எழுதுவது. 'சுகம், நீங்களும் சுகமா' என்ற அளவில் நிற்கும். ஏரோகிராம் அப்படி அல்ல, எழுதியவர் ஒருவருக்கென்று எழுதி ஒட்டியது. நான் மேலே சொன்னது இரண்டாவதைப் பற்றி.

02.02.2025

கேட்டவர் சோலை வரி கட்டிவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது. பற்றுச்சீட்டையும் படம் எடுத்து மாமிக்கு அனுப்புங்கள், மூலத்தை நீங்களே வையுங்கள். அடுத்த முறை இலக்கம் கேட்டால் அதில் இருக்கும்.

16.03.2025

மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் புது முகவரி சொல்லாமல் போய்விட்டார்கள், அவர்களின் கடிதம் பெட்டி நிறைய வருகிறது, என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்கிறார். இது மாமியின் கதை அல்ல. இங்கே உங்களிடம் அனுமதி இல்லை. ஆகவே பிரிக்க வேண்டாம், எறியவும் வேண்டாம். உறையில் 'இந்த முகவரியில் இல்லை' என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் தபால்காரரிடம் கொடுங்கள், பின்பக்கத்தில் அனுப்பியவர் முகவரி இருந்தால் அங்கே திரும்பும். கீழே பெட்டிகளுக்கு மேல் அடுக்கி வைக்கும் பழக்கம் தொடர்மாடிகளில் இருக்கிறதே, அதுதான் மோசம். வழியில் போகிறவர் எவரும் எடுக்கலாம்.

லீசிங் கொம்பனியிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஆள் வந்து "இவர்கள் எங்கே" என்று கேட்டால் போன் இலக்கம் கொடுக்காதீர்கள். உங்களிடம் இலக்கம் இருந்தால் அவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள், "தேடி வந்தார்கள்" என்று.

தொடர்மாடி முகவரியைப் பற்றியும் ஒரு சொல். இல. 28 - 3/2 என்றால் மூன்றாம் மாடி இரண்டாம் வீடு. அந்தச் சின்னக் கோட்டை விட்டுவிட்டு 32 என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஒழுங்கையில் 32ஆம் இலக்க வீடும் இருக்கும். தபால் குறியீட்டையும் போடுங்கள்: வெள்ளவத்தைக்கு 00600, பம்பலப்பிட்டிக்கு 00400, கொட்டாஞ்சேனைக்கு 01300. தெஹிவளை கொழும்பு இலக்கத்துக்குள் வராது, அதற்கு 10350.

17.03.2025

லண்டனில் தம்பி வீடு மாறியபோது அங்குள்ள றோயல் மெயிலுக்குப் பணம் கட்டினான். மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதம் என்று எடுக்கலாம், பழைய முகவரிக்கு வருவதைப் புது முகவரிக்கு அவர்களே திருப்பிவிடுவார்கள். இங்கே அந்த வேலையில் பாதியை எங்கள் தபால்காரர் ஞாபகத்தில் வைத்துச் செய்கிறார். எந்த மாமி எந்த மாடிக்கு மாறினார், எந்த ஐயா மகளோடு தெஹிவளைக்குப் போனார் என்பது அவருக்குத் தெரியும். அவர் மாறுகிற நாளில் அந்த ஞாபகமும் போய்விடும் என்பதால் எழுத்தில் கொடுத்து வைப்பதையே நான் விரும்புகிறேன்.

உள்நாட்டுக்குள் நான் திருப்பி அனுப்பும்போது பழைய முகவரியை வெட்டி எழுதுவதில்லை. அப்படியே இன்னொரு உறைக்குள் வைத்து, என் முகவரியைப் பின்னால் எழுதி, புது முத்திரை ஒட்டிப் போடுவேன். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்தின் ஆகக் குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபா ஆனபோது இந்தப் பழக்கத்தை விடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. வெட்டிக் கொத்தி எழுதிய முகவரி மழையில் நனைந்து வந்தால் எவராலும் வாசிக்க முடியாது.

24.04.2025

மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு மாமியின் வாக்காளர் அட்டை வந்திருக்கிறதாம், அனுப்ப வேண்டுமா? வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இங்கே வழி இல்லை. யார் வந்து கேட்டாலும் அந்த அட்டையைக் கொடுக்க வேண்டாம், அவர் பெயரில் வேறு யாரும் போய் நிற்க இடம் வைக்கக் கூடாது. ஆள் நாட்டில் இல்லை என்று சொல்லித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். உங்கள் சொந்த அட்டை இன்னும் வரவில்லையென்றால் அடையாள அட்டையோடு தபாலகத்தில் போய்க் கேளுங்கள்.

08.06.2025

கோயில் உறைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அக்காவுக்கு ஊர்க் கோயிலிலிருந்து திருவிழா அறிவித்தல் வரும், உள்ளே விபூதியும் குங்குமமும் சின்னப் பொட்டலமாக மடித்திருக்கும். இதைப் படம் எடுத்து அனுப்பினால் அவருக்குத் திருப்தி இல்லை, அந்தக் காகிதமும் பொட்டலமும்தான் வேண்டும். ஆனால் வெள்ளைப் பொடி உள்ள உறையை வெளிநாட்டுத் தபாலில் போடுவது சரியல்ல. பிரிக்கிற இடத்தில் யாரும் பயந்துபோவார்கள். அறிவித்தலைத் தபாலில் போட்டுவிட்டு, பொட்டலத்தை என்னவென்று எழுதி ஒட்டி, போகிறவர்களிடம் சொல்லியே கொடுத்துவிடுகிறேன். ஆளிடம் கொடுத்துவிடுவது இதற்குப் பொருந்தும், சோலை வரிக்குப் பொருந்தாது.

26.08.2025

தபால் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது, கடிதங்கள் ஒன்றாக வந்து விழும். வரும்போது திகதியைப் பார்த்து அடுக்குங்கள், வந்த ஒழுங்கில் அடுக்காதீர்கள். இரண்டு கிழமைக்கு முன் எழுதிய கடிதத்தில் 'பத்து நாளுக்குள்' என்று இருந்தால் அனுப்பியவருக்கு உடனே போன் பண்ணி உறையில் உள்ள திகதியைச் சொல்லுங்கள்.

தபாலைக் குறை சொல்லி எழுதியவருக்கு: 2020இல் ஊரடங்கு போட்டு எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது கிளினிக் மருந்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தந்தவர்களும் இதே தபால்காரர்கள்தான். எங்கள் மாடியில் நீரிழிவுக்காரர் இரண்டு பேர். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

14.09.2025

கேட்டவருக்கு மறுபடியும். கடிதம் அனுப்பும் வேலையை நன்றாகச் செய்தால் அது குறைந்துகொண்டே வர வேண்டும். ஒவ்வொரு உறையும் வரும்போது அனுப்பியவரின் பெயரை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். வருடம் முடியும்போது மாமியிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்து, இவர்களுக்கெல்லாம் புது முகவரி அறிவியுங்கள் என்று சொல்லுங்கள். முதலில் வங்கி. மாமி ஓய்வுபெற்ற ஆசிரியை என்றால் ஓய்வூதியத் திணைக்களமும் முக்கியம். வருடத்துக்கு ஒரு முறை உயிர்வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், அது தவறினால் கொடுப்பனவு நிற்கும். அந்தக் கடிதம் உங்கள் வழியாகச் சுற்றிப் போக வேண்டிய காரணமே இல்லை.

02.11.2025

மாமாவின் பெயருக்கும் கடிதம் வருகிறது, அவர் இறந்து நான்கு வருடம், அதையும் மாமிக்கு அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மாமியிடம் மெதுவாகக் கேளுங்கள், அவருக்குப் பார்க்க விருப்பமா என்று. சிலருக்கு அந்தப் பெயரை உறையில் காண்பதே பெரிய வேதனை. எங்கள் அம்மாவுக்கு அப்படி இருந்தது. அவர் வேண்டாம் என்றால், எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு நீங்களே அனுப்பியவருக்கு எழுதலாம்: இன்னார் இத்தனையாம் திகதி காலமானார், இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம், மரணச் சான்றிதழின் பிரதி இத்துடன். பதிவுத் தபால் என்றால் கையெழுத்து வைக்க வேண்டாம், காலமாகிவிட்டார் என்று சொல்லித் திருப்புங்கள்.

வங்கியிலிருந்தோ காப்புறுதியிலிருந்தோ வந்தால் மட்டும் மாமியிடம் கட்டாயம் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாத ஒரு கணக்கு அப்படித்தான் வெளியே வரும். மரணச் சான்றிதழில் சான்றுப்படுத்திய பிரதிகள் நாலைந்து எடுத்து வையுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்வார்கள்.